நாலு அங்குலம்

மொறிஸ் மைனரின் போனட் நடுவே, முன்கண்ணாடியிலிருந்து மூக்கு வரைக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை ஓடும். அது அழகுக்கு வைத்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கம்பளையில் அக்கா வீட்டுச் சமையலறையை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டிலில், காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மச்சான் டோர்ச்சை உயர்த்திப் பிடித்து, “இங்க பாரு மாப்ள, கீழயும் அதே கணக்குத்தான்” என்று காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. தரைத் தகட்டின் நடுவில் நெடுக ஓடும் மேட்டுக்கு இடப்பக்கம் இரண்டு அங்குலம், வலப்பக்கம் இரண்டு அங்குலம் தட்டையாக இருந்தது. மேலே நாலு, கீழே நாலு. இந்த வண்டி பிறப்பதற்கு முன்பே நெடுக்காக அறுத்து அகட்டப்பட்டது.

அறுக்கச் சொன்னவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். 1922இல் அந்த நகரம் பற்றி எரிந்த காலத்தில் பெற்றோரோடு கப்பலேறியவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே மொறிஸ் கம்பனிக்காக ஒரு சின்னக் காரை வரையத் தொடங்கினார். அதற்கு வைத்த இரகசியப் பெயர் மொஸ்கிட்டோ, நம் பாஷையில் நுளம்பு. 1947 கடைசியில், தகடு அடிக்கும் அச்சு வேலைகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், மாதிரி வண்டி ஒல்லியாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. நடுவில் அறுத்து, இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குச் சரி என்று பட்ட இடத்தில் நிறுத்தி அளந்தால் நாலு அங்குலம். பம்பர்கள் அதற்குள் அடித்து முடிந்திருந்தன. அவற்றையும் வெட்டி, நடுவே ஒட்டுத்துண்டு வைத்தார்கள். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் சனங்களின் முன் வந்தது. முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அதைப் பிடிக்கவேயில்லை. ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்டு அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று ஏளனம் செய்தார். 1960 முடிவதற்குள் ஒக்ஸ்போர்ட் பக்கத்துக் கௌலியில் அந்த முட்டை பத்து லட்சம் பொரித்துவிட்டது. பிரித்தானியக் கார்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல்.

மச்சானுடைய கார் அந்தப் பத்து லட்சத்தில் ஒன்று. எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவே நிற்கும் சுவர்த் தகட்டில் அதன் சாதகம் இருக்கிறது: எம்.ஏ.எஸ்.3. எம் என்றால் மொறிஸ், ஏ என்றால் எஞ்சின் வகை, எஸ் என்றால் சலூன் உடம்பு, 3 என்றால் மூன்றாவது வரிசை. நாலு கதவு, 948 சிசி, சந்தைப் பெயர் மைனர் 1000. இலக்கத் தகட்டில் ‘1 ஸ்ரீ’ என்று தொடங்குகிறது.

அந்த ஒற்றை எழுத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. அதற்கு முன் இலங்கை வாகனங்களுக்கு சி.என்., ஈ.எல்., ஈ.என். என்று ஆங்கில எழுத்துகள்தான். 1958 தொடக்கத்தில் சிங்கள ஸ்ரீ வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டினார்கள். தெற்கில் தார் வாளியோடு கிளம்பியவர்கள் கடைப் பலகைகளில் இருந்த தமிழை அழித்தார்கள். மலையகத் தோட்டங்கள் வரைக்கும் அந்தச் சூடு வந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க, தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கிழித்தார். மே மாதக் கடைசியில் இனக்கலவரத்தில் தீவு எரிந்தது. இந்தக் கார் அந்த நாட்களில் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவரின் பங்களாவில் புத்தம்புதிதாக நின்றிருக்கிறது. துரையின் காருக்குத் தார் பூச இரண்டு பக்கத்திலும் யாருக்கும் துணிவு இருந்திருக்காது.

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் விசாரித்து, ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார் மச்சான். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்பவர். ரோலர் எந்த மாதம் எந்த பெயாரிங் மாற்றியது என்று எழுதி வைக்கும் பழக்கம். அந்தக் கொப்பியில்தான் இந்தக் கதையின் பாதி இருக்கிறது.

சின்னத்துரை அறுபதுகளின் நடுவில் ஊருக்குக் கப்பலேறினார். போகும்போது காரை அதே தோட்டத்து டீமேக்கர் ஐயாவிடம் விற்றுவிட்டுப் போனார். டீமேக்கர் ஐயாவுக்கு அது அதிர்ஷ்டம். ஏனென்றால் அந்நியச் செலாவணி வற்றிப்போய், அறுபதுகளின் தொடக்கத்திலேயே தனியாருக்கான கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுவிட்டது. துறைமுகம் மூடிய நாளில் யாரிடம் எந்தக் கார் இருந்ததோ அதுதான் 1977 வரைக்கும் அவர் கார். இங்கிலாந்தில் மொறிஸ் மைனரின் உற்பத்தி 1971இல் முடிந்தது. இங்கே அப்போதுதான் அதன் உண்மையான உழைப்புத் தொடங்கியிருந்தது.

இலங்கையில் பழைய கார் மேல் சனங்களுக்கு அப்படி ஒரு பாசம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாசம் பிறகு வந்தது. முதலில் வந்தது டொலர் இல்லாத கஜானா. பிஸ்டன் தேய்ந்தால் புது பிஸ்டன் வராது. சிலிண்டருக்கு உள்ளே உறை இறக்கிப் பழைய அளவுக்குக் கடைந்தார்கள். டயர் மொட்டையானால் மேலே புது ரப்பர் ஒட்டி டாக் அடித்தார்கள், அந்த டாக்கும் தேய்ந்தால் திரும்ப டாக். வார்ப்பு உடைந்தால் பித்தளைக் கம்பி வைத்து ஒட்டினார்கள். பெற்றோல் விலை ஏறிய எழுபதுகளில் மண்ணெண்ணெய் கலந்தார்கள். காலையில் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மற்றதுக்கு மாற்றுவார்கள், பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்துவான். கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டி என்று ரோட்டோரம் முளைத்த லேத் பட்டறைகளும் டிங்கரிங் கொட்டில்களும் அந்தப் பதினைந்து வருடத்துப் பிள்ளைகள். ‘பாஸ்’ என்று நாம் மரியாதையாகக் கூப்பிடும் ஒரு தலைமுறையே இறக்குமதித் தடை பெற்றுப் போட்டதுதான். அந்தச் சொல்கூட ஒல்லாந்தர் விட்டுப் போனது.

டீமேக்கர் ஐயா அந்தக் காரில் றம்பொடைக் கணவாய் ஏறி நுவரெலியாவுக்குப் போய் வருவார். கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நுவரெலியா 1,868 மீற்றர். 37 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு அது சின்ன வேலை இல்லை. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, ஆகையால் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கப் பார்த்தால் பல் நறநறக்கும். கொண்டை ஊசி வளைவில் டபுள் கிளச் அடிக்கத் தெரியாதவன் நடு ரோட்டில் நிற்பான். பாதி வழியில் தண்ணீர் கொதிக்கும். பீலி இருக்கும் வளைவாகப் பார்த்து நிறுத்தி, சாக்கை நனைத்து ரேடியேட்டர் மூடியில் போட்டு, ஆறும் வரை தண்ணீர் பிடிக்க வந்த பெண்களின் கேலியை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது வேறு கூத்து. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகைக்குழாய் புர்ர்ர்ர் என்று ஒரு சத்தம் விடும். எந்த மைனருக்கும் அது பிறவிக் குணம். லயத்துப் பிள்ளைகள் வண்டி வளைவில் தெரியும் முன்பே “மொறிஸ் எறங்குது” என்பார்களாம். பக்கத் தூணிலிருந்து ஆரஞ்சு நாக்கு மாதிரி வெளியே விழும் கைகாட்டியைப் பார்ப்பதற்கென்றே சந்தியில் நிற்பார்களாம்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இந்தக் காரையும் பிடித்தது. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று மலையகத் தமிழரை எண்ணிப் பிரித்த கணக்கில் டீமேக்கர் ஐயாவின் குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. தோட்டங்கள் அரசுடைமையான அடுத்த வருடம் அவர்களுக்குப் பாஸ்போட் வந்தது. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல். தையல் மெஷின் போனது, ஆட்டுக்கல் போனது. கார் போக முடியாது. மச்சானின் கொப்பியில் இந்த இடத்தில் ஒரே ஒரு வரி: ‘சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, அவரே ரயிலடிக்கு நடந்து போயிருக்கிறார்.’ மகள் என்றது மூத்த மகள். அவர் இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டு, இலங்கைப் பிரஜையாக நின்றுவிட்டவர். காரை அவர்தான் விற்றார்.

வாங்கியவர் கம்பளையில் லேர்னர்ஸ் நடத்திய சிங்களவர். ‘எல்’ பலகை முன்னும் பின்னும் தொங்க, பயிற்சியாளர் பக்கத்துக்கு இன்னொரு பிரேக் மிதி பூட்டி, பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கார் ஊர் சுற்றியது. 1977க்குப் பிறகு துறைமுகம் திறந்து, ஜப்பான் கார்கள் வரிசையாக இறங்கியபோது மைனரின் மதிப்பு தரைக்கு வந்தது. லேர்னர்ஸ்காரரும் ஒரு நாள் ஜப்பானுக்கு மாறினார். கார் போனது வாசனைச் சரக்கு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் முதலாளியிடம். கம்பளையைச் சுற்றி மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளைகிற தோட்டங்கள். ஒரு மழைக்காலத்தில் பின்சக்கரத்து ஸ்பிரிங் தாங்கி இற்று ஒரு பக்கம் சரிந்ததும், அவர் அதைத் திருத்தவில்லை. வெயில் விழும் இடமாகப் பார்த்துத் தள்ளி நிறுத்தி, ஆசனங்களைக் கழற்றி, சாக்கு விரித்துக் கராம்பு காயப் போட்டார். நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் அதைவிட நல்ல அடுப்பு கிடையாது; திடீர் மழைக்கு ஓடி ஓடி அள்ளவும் வேண்டாம். இருபது வருடம் அது காராக இல்லை. ஆனால் அந்தக் காய்ந்த சூடுதான் அதன் உட்பக்கத்தைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். கூரையும் கதவின் உள்முகமும் துரு இல்லாமல் இருந்ததற்கு வேறு காரணம் தெரியவில்லை. மண்ணைத் தொட்ட பகுதிதான் போயிருந்தது.

2020 மார்ச்சில் மறுபடி வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். ஓடித் தேய்ந்த சின்ன ஜப்பான் காருக்கெல்லாம் புதுக்காரின் விலை. பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போக ஏதாவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த மச்சான், ஒரு ஞாயிற்றுக்கிழமை லொறி ஒன்றில் இந்தக் கராம்பு அடுப்பை ஏற்றிக்கொண்டு வந்தார். என்ன விலை என்று அக்காவிடம் சொன்னதும் என்னிடம் சொன்னதும் வேறு வேறு தொகை. அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கொட்டிலில் இருந்த விறகையெல்லாம் மறுபக்கம் மாற்றச் சொன்னார். சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

உலப்பனையிலிருந்து டிங்கர் பாஸ் வந்தார். எழுபதைத் தாண்டிய சிங்களவர். நம்மைவிட நல்ல மலைநாட்டுத் தமிழ் பேசுவார், மச்சானை ‘மல்லி’, அதாவது தம்பி, என்பார். முதல் நாள் அவர் ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. நாலு கதவையும் திறந்து மூடித் திறந்து மூடி, இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டி போன்ற சில், முன் ஆசனத்துக்கு அடியில் குறுக்கே போகும் உத்தரம், இரண்டும் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கின்றன. இரண்டு பக்கத்துச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடு உடம்பு வாழைத்தண்டு மாதிரி தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் எந்த ஜென்மத்திலும் மூடாது. பாஸ் கதவுத் துவாரங்களில் குறுக்காக அங்கிள் இரும்பு வைத்து ஒட்டி, அதற்குப் பிறகு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினார். வெட்டியதை எறிய விடவில்லை. இற்றுப்போன சில்லைத் தரையில் வைத்து, அதன் மேல் கடதாசி பரப்பிப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, புதுத் தகட்டை அதே மடிப்பில் மடித்தார். ஒரு பக்கத்துக்கே ஒரு மாதம் போனது.

தகட்டுப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாமே என்று நான் கேட்டேன். மச்சானுக்குச் சிரிப்பு. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சார்ல்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனர் புதுப்பிப்பதையே தொழிலாக வைத்திருந்தார். ஒரு காரை ஆயுளுக்கும் திருத்தித் திருத்தி ஓட்டுவதுதான் புதுசு வாங்குவதைவிட இலாபம் என்று புத்தகமே எழுதியவர். அவர் 1990களில் இலங்கைக் கூட்டாளியோடு சேர்ந்து இந்த நாட்டிலேயே ஒரு பட்டறை போட்டார். அங்கே நம் பாஸ்மார் கையால் அடித்த தகடுகள் கப்பலேறி, ஒக்ஸ்போர்ட்டில் பிறந்த கார்களுக்கு ஒட்டுப்போடப் போயின. இங்கிலாந்தில் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, இங்கே வயிற்றுப்பாடு. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எது வேலையை நன்றாகக் கற்றுக்கொடுக்கும் என்பதற்கு அந்தக் கப்பல் போன திசையே சாட்சி.

முன் சக்கரத்தைத் தாங்கும் முளையாணி அடுத்தது. அதன் அடிமுனை மரையாணி மாதிரி இருக்கும்; கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி முழங்கால் போடும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடித்தால் ஒன்றும் ஆகாது. யார் அடித்தார்கள்? பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரோ ஓட்டுகிறவரின் காலடித் தகட்டுக்குக் கீழே, சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றும் போல்ட்டுக்குக் குறுக்கே முன்பக்கத்து டோர்ஷன் கம்பி. அந்த ஒரு போல்ட்டுக்காக இசிகோனிஸை பாஸ் சிங்களத்தில் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு முன்னால் டிஸ்க் போட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. றம்பொடை இறக்கம் தெரிந்தவன் அதற்கு விவாதம் செய்யமாட்டான். டைனமோ போய் ஓல்டனேட்டர் வந்தது, பொசிட்டிவ் எர்த் நெகட்டிவானது, ஆசனப் பெல்ட் பூட்ட உள்ளே தடித்த தகடு ஒட்டப்பட்டது. கைகாட்டியை மட்டும் கழற்றவில்லை. சிமிட்டும் விளக்கும் உண்டு, நாக்கும் விழும். இளைய மகளின் உத்தரவு.

இதற்கு நடுவில்தான் 2022 பொருளாதார நெருக்கடி. மின்சாரம் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் ஷெட்டில் இரண்டு நாள் மூன்று நாள் வரிசை. ஒக்ஸிஜன் சிலிண்டர் நிரப்ப முடியாமல் பாஸ் வீட்டோடு இருந்தார். ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. செசி இலக்கத்தைக் கொடுத்துப் பதிந்தால் போதும். மச்சான் பதிந்தார். எஞ்சின் கழற்றிக் கீழே கிடந்த, ஒரு பக்கம் பிரைமர் மட்டும் அடித்திருந்த வண்டிக்கு அரசாங்கம் வாரம் 20 லீற்றர் அனுமதித்தது. ஆனால் தகரப் பீப்பாவில் ஊற்றமாட்டார்கள், வண்டி வர வேண்டும். ஆகவே இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு ஒதுக்கிய நாளில், விடியற்காலையிலேயே நானும் மச்சானும் இரண்டு பிள்ளைகளும் காரைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குப் போவோம். எஞ்சின் இல்லாத மைனர் அவ்வளவு பாரமில்லை. டேங்க் ஆறரைக் கலன், ஏறக்குறைய 29 லீற்றர். கிடைத்ததை நிரப்பித் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து, குழாய் வைத்து உறிஞ்சி மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஓடாத வண்டி குடும்பத்தை ஓட்டியது. சட்டப்படி இது சரியா என்று கேட்காதீர்கள், நானும் அப்போது கேட்கவில்லை.

வரிசையில் கார் பெரிய மனுஷியாகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் போனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே எஞ்சின் இல்லாத வெறும் குழியைப் பார்த்துக் கைகொட்டுவார்கள். இலக்கத்தைப் பார்த்து, தான் இந்தக் காரில்தான் ஓட்டப் பழகினேன் என்று சொல்லி வந்தவர்கள் குறைந்தது ஏழு பேர். ஒருவர் றோட்டோர வேலியில் இடித்த இடத்தைக்கூடக் காட்டினார். அது பாஸ் புதிதாக ஒட்டிய தகடு. ஏழு பேரும் உண்மையைத்தான் சொன்னார்களா என்று தெரியாது, ஆனால் ஒருவரையும் நாங்கள் மறுக்கவில்லை.

எஞ்சின் விஷயத்தில்தான் பாஸுக்கும் மச்சானுக்கும் முட்டியது. பழைய 948 ஏற்கெனவே இரண்டு முறை உறை இறக்கப்பட்டது. மூன்றாவது முறையும் முடியும் என்றார் பாஸ். மச்சான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு டட்சன் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்: ஏ12, 1,171 சிசி, சன்னியிலிருந்து கழற்றியது, ஐந்து கியர்ப் பெட்டியோடு. “ஒரிஜினல கெடுத்தா அது மொறிஸ் இல்ல மல்லி” என்றார் பாஸ். “ரெண்டு புள்ளைகள ஏத்திக்கிட்டு மலை ஏறணும் பாஸ், பீலிக்குப் பீலி நிக்க முடியாது” என்றார் மச்சான்.

நான் மச்சான் பக்கம். அதற்கு எனக்கு இரண்டு காரணம். ஒன்று, அந்த எஞ்சின் முழு அந்நியன் இல்லை. மைனருக்குள் இருக்கும் ஏ வகை எஞ்சின் மொறிஸுடையதே அல்ல. 1951இல் ஒஸ்ரின் கம்பனி தன் ஏ30 காருக்காகச் செய்தது, அடுத்த வருடம் இரண்டு கம்பனிகளும் இணைந்ததால் மொறிஸுக்குள் வந்து உட்கார்ந்தது. அதே 1952இல்தான் டட்சனைச் செய்த நிசான் கம்பனி ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்தது, பிறகு ஜப்பானில் ஒஸ்ரின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. அங்கே கற்றவர்கள் பிறகு சொந்தமாக வரைந்த எஞ்சினைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் தெரியும். பக்கவாட்டில் காம், மேலே தள்ளும் கம்பி, ஒரே பக்கத்தில் காபரேட்டரும் புகைவழியும். ஆனால் ஆங்கிலேயன் நாலு சிலிண்டருக்கு ஐந்து வாசலை வைத்துப் பங்கு போட்ட இடத்தில், ஜப்பான்காரன் எட்டு வாசல் வைத்தான். மூச்சு முட்டாது. இரண்டாவது காரணம் அந்த நாலு அங்குலம். செய்தவனே அறுத்து ஒட்டிய வண்டியில் எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அசல், எந்தப் பக்கம் போலி?

இதைப் பாஸிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “சத்தம்?” என்றார். ஒரு சொல்தான். எனக்குப் பதில் இல்லை.

டட்சன் ஏறியது. தாங்கிகளை மாற்றி, குறுக்கு உத்தரத்தில் கொஞ்சம் வெட்டி, பின்னால் போகும் தண்டைக் கட்டுகஸ்தோட்டைப் பட்டறையில் அளவெடுத்துச் சுருக்கினார்கள். வெட்டியவரும் அதே பாஸ்தான். ஒப்பாத வேலையைக்கூட அவர் ஒழுங்கில்லாமல் செய்யவில்லை. எஞ்சின் இலக்கம் மாறியதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றினார்கள். புகைப் பரிசோதனையில் ஒரே தடவையில் தேறியது. நிறம் துரையின் காலத்துப் பச்சை. கதவு மடிப்புக்குள் மிச்சமிருந்த ஒரு விரற்கடைப் பெயின்ற்றைப் பார்த்துக் கலந்தது.

2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதிக்கு மறுபடி வழி திறந்த செய்தி வந்த வாரம், நாங்கள் முதல்முறை நுவரெலியா ஏறினோம். புசல்லாவை தாண்டினோம், றம்பொடை அருவி தாண்டினோம், சூட்டைக் காட்டும் ஊசி நடுவில் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. பீலி வளைவில் மச்சான் நிறுத்தினார். கொதிக்கவில்லை, தண்ணீர் குடிக்கத்தான் என்றார். வெயிலில் நின்ற காருக்குள் கராம்பு மணத்தது. புது ஆசனம், புது விரிப்பு, புதுக் கூரைத் துணி, இருந்தும் கதவுகளை மூடிக் கொஞ்ச நேரம் விட்டால் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. தகட்டிலேயே ஊறிவிட்டது போல.

திரும்பி இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டுவிட்டு மச்சான் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். காதைக் கொடுத்துக் கேட்டோம். வண்டி வழுவழுவென்று, நாகரிகமாக, ஒன்றும் சொல்லாமல் இறங்கியது.

பழைய 948 இப்போது கொட்டிலின் மூலையில் ஒரு லொறி டயர் மேல், ரெக்ஸின் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. விற்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள். மாதம் ஒருமுறை, பெரும்பாலும் போயா நாளில், பாஸ் உலப்பனையிலிருந்து பஸ்ஸில் வருவார். அக்கா கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, துணியை விலக்கி, நாலு பிளக் துவாரத்திலும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மைனரோடு வந்த அந்தக் காலத்து ஹான்டிலை மாட்டி, மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி மூடி வைத்துவிட்டுப் போவார்.